ராட்ஜர்ஸ் போய்விட்டார். லெஸ்டர் கீழே இறங்கினால் பொறுப்பு யாருடையது?

நீலக்கொடி | 2 ஏப்ரல் 2023

செய்தி வந்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. மேலாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸும் நம் கால்பந்து அணி லெஸ்டர் சிட்டியும் பேசிப் பிரிந்துவிட்டதாகக் கிளப் அறிவித்திருக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 28 ஆட்டம் முடிந்து 25 புள்ளி, 20 அணியில் 19-ஆவது இடம். கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். மிச்சம் இருப்பது 10 ஆட்டம்.

நேற்று கிரிஸ்டல் பேலஸ் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2023 பிறந்ததிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி அது. அவர்களின் பழைய மேலாளர் ராய் ஹாட்ஜ்சன் திரும்பி வந்த முதல் ஆட்டம். ரிக்கார்டோ பெரேரா அடித்து நாம்தான் முன்னே போனோம். கொஞ்ச நேரத்திலேயே எஸே அடித்த ஃப்ரீ கிக் மேல்கம்பத்தில் மோதி, நம் கீப்பர் இவர்சன் மேல் பட்டு உள்ளே போனது. சமனில் முடிந்தாலாவது ஒரு புள்ளி என்று உட்கார்ந்திருந்தேன். இஞ்சுரி டைமில் மடேட்டா அடித்தார். டிவியை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

எஃப்.ஏ. கோப்பையை நமக்கு முதன்முதலாக வாங்கித் தந்த மேலாளர் ராட்ஜர்ஸ். 2021 மே மாதம் டீலமான்ஸ் அடித்த அந்த கோலுக்கு நான் அழுதேன். அதற்காகவே இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன்: இந்த நிலைமைக்கு அவர் எவ்வளவு பொறுப்பு, கிளப் எவ்வளவு பொறுப்பு? என் கணக்கில் பாதிக்கு மேல் அவருடையது. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை | 2 ஏப்ரல் 2023

நான் மறுக்கிறேன். போன கோடையை நினைத்துப் பாருங்கள். 11 வருடம் கோல்கம்பத்தில் நின்ற காஸ்பர் ஷ்மைக்கல் நீஸுக்குப் போனார். அவர் இடத்துக்கு ஒரு முதல்தரக் கீப்பரை வாங்கவில்லை. வெஸ்லி ஃபொஃபானாவைச் செல்சிக்கு ஏறத்தாழ 7 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் வந்தது ரீம்ஸிலிருந்து வவுட் ஃபாஸ் ஒருவர்தான், அதுவும் கடைசி நாளில். லீக்கில் மற்ற கிளப்புகள் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த அதே கோடையில்.

ஏன் வாங்கவில்லை என்பதும் தெரிந்த கதைதான். கிளப்பின் சொந்தக்காரர்களான கிங் பவர் நிறுவனம் விமான நிலையக் கடைகளை நம்பி இருப்பது. கொரோனாவில் சுற்றுலாவே நின்றுபோனது. 2021-22 கணக்கில் கிளப்பின் நஷ்டம் மட்டும் 9 கோடியே 25 லட்சம் பவுண்டு. சீக்ரேவில் ஏறத்தாழ 10 கோடி பவுண்டில் பயிற்சி மைதானம் கட்டி முடித்த கையோடு இந்த அடி. அரிசி வாங்கித் தராமல் சோறு ஏன் ஆகவில்லை என்று சமையல்காரரைக் கேட்பது நியாயமா?

நீலக்கொடி | 2 ஏப்ரல் 2023

அரிசி இருந்தது சார். மேடிசன், பார்ன்ஸ், டீலமான்ஸ், வார்டி, இஹியநாச்சோ, எண்டிடி எல்லாரும் இருந்தார்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்தால் நாம் கடைசி மூன்றில் இருக்க வேண்டிய கிளப்பே இல்லை.

இன்னொன்று. 2021 கோடையில் பணம் செலவானதே? டாக்கா, சூமாரே, வெஸ்டர்கார்ட், பெர்ட்ரண்ட். அந்த நால்வரும் ராட்ஜர்ஸ் இருக்கும்போது வந்தவர்கள். வெஸ்டர்கார்ட் இந்த வருடம் கண்ணிலேயே படவில்லை. வாங்கியவர்களை ஆட வைக்க முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. அடுத்த வருடம் கிளப் கைவிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் தேர்வில் மேலாளரின் பங்கு இல்லை என்றால் எப்படி ஒத்துக்கொள்வது?

பில்பர்ட்தெரு | 3 ஏப்ரல் 2023

நான் லெஸ்டரில்தான் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே வந்து 19 வருடம். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், அவர்களால்தான் எனக்கு இந்த உதைபந்தாட்டப் பைத்தியமே.

நீங்கள் இருவரும் பணத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். மைதானத்தில் இருந்து பார்க்கிற எனக்கு வேறு ஒன்றுதான் தெரிகிறது. எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தால் எங்கள் பகுதியில் இருக்கிற எல்லாரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். போன வருடமும் இதே. பந்து வரும் முன்னரே எங்கள் டிஃபென்ஸில் ஆளுக்காள் கையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். யாரை யார் பிடிப்பது என்று ஒருவருக்கும் நிச்சயம் இல்லை. காசு கொடுத்து வாங்குகிற விசயமா இது? செவ்வாய், புதன் என்று வாரா வாரம் சொல்லிக் கொடுத்துப் பழக்குகிற விசயம்.

ராட்ஜர்ஸ் மீது எனக்குக் கோபம் அதிலேதான்.

கணக்குப்பிள்ளை | 3 ஏப்ரல் 2023

கார்னர் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை அண்ணா. ஆனால் டிஃபென்ஸில் யார் நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜானி எவன்ஸ் பெரும்பாலான நாட்கள் காயத்தில். ஜேம்ஸ் ஜஸ்டின் நவம்பரிலிருந்து இல்லை. ரிக்கார்டோ சீசன் தொடங்கும் முன்பே குதிகால் தசைநாண் அறுந்து படுத்தார். சோயுன்ஜு ஒப்பந்தம் முடியப் போகிறது என்று ஓரங்கட்டப்பட்டார்.

மேடிசனை எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பைக்குப் பிறகு அவர் முழங்கால் காயத்தோடு உட்கார்ந்திருந்தபோது நியூகாசில், லிவர்பூல், ஃபுல்ஹம், ஃபாரெஸ்ட் என்று வரிசையாக நான்கு தோல்வி. அவர் திரும்பியதும் ஆஸ்டன் வில்லாவை 4-2, டாட்டன்ஹமை 4-1 என்று ஜெயித்தோம். அதே மேலாளர்தான், அதே பயிற்சிதான்.

புதுரசிகன் | 3 ஏப்ரல் 2023

அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். டாட்டன்ஹமை 4-1 அடித்த அணி அதற்கப்புறம் ஏன் இப்படி விழுந்தது? அப்போது மேடிசன் இருந்தாரே?

நீலக்கொடி | 3 ஏப்ரல் 2023

நல்ல கேள்வி தம்பி. பிப்ரவரி 11-ல் அந்த வெற்றியோடு 22 ஆட்டத்தில் 24 புள்ளி. அடுத்த ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், செல்சியிடம் தோற்றதை விடலாம். கடைசி இடத்தில் இருந்த சவுதாம்ப்டனிடம் 0-1. அந்த ஆட்டத்தில் நம் கீப்பர் வார்ட் பெனால்டியைத் தடுத்தும் தோற்றோம். நடுவில் எஃப்.ஏ. கோப்பையில் நம் மைதானத்திலேயே பிளாக்பர்னிடம் தோற்று வெளியேறினோம்.

கணக்குப்பிள்ளை சாருக்கு என் பதிலும் இதுதான். ஆள் பற்றாக்குறை என்ற காரணம் பிப்ரவரியில் ஓரளவு தீர்ந்துவிட்டது. ஜனவரியில் சவுட்டார், கிறிஸ்டியன்சன், டெட்டே என்று மூவர் வந்தார்கள். அதற்குப் பிறகும் விழுந்தோம் என்றால் எதைக் காரணம் காட்டுவது?

குடிசன்நீலம் | 4 ஏப்ரல் 2023

நான் எவர்டன் ரசிகன். உங்கள் வீட்டில் புகுந்து பேசுவதற்கு மன்னியுங்கள். நாங்களும் இதே கிணற்றின் விளிம்பில்தான் நிற்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மேலாளர் லாம்பார்டை ஜனவரி 23-ல் அனுப்பினார்கள். ஷான் டைச் வந்தார். ஜனவரியில் ஒரு புது ஆட்டக்காரர்கூட வரவில்லை, கோர்டனை நியூகாசிலுக்கு விற்றதுதான் நடந்தது. டைச்சின் முதல் ஆட்டம் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஆர்சனலோடு. 1-0 ஜெயித்தோம். கார்னரிலிருந்து டார்கோவ்ஸ்கி தலையால் முட்டிய கோல். அதே ஆட்கள், ஆனால் நிற்கும் இடமும் ஓடும் ஓட்டமும் மாறிவிட்டன. பணம் இல்லாத கிளப்பில் மேலாளரால் என்ன செய்ய முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

நாங்கள் தப்பிப்போமா என்பது வேறு விஷயம். ஆனால் முடிவெடுக்க உங்களைவிட எங்களுக்குப் பத்து வாரம் அதிகம் கிடைத்தது.

கணக்குப்பிள்ளை | 4 ஏப்ரல் 2023

ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்கள். சவுதாம்ப்டன் ஹாசன்ஹூட்டலை அனுப்பினார்கள், நேதன் ஜோன்ஸைக் கொண்டுவந்து அவரையும் அனுப்பினார்கள். இன்னும் கடைசி இடம்தான். லீட்ஸ் மார்ஷை மாற்றியது, நிலைமை அப்படியேதான்.

மறுபக்கம் நாட்டிங்ஹம் ஃபாரெஸ்ட். அக்டோபரில் நாம் அவர்களை 4-0 அடித்தோமே, அந்த வாரமே ஸ்டீவ் கூப்பரைத் துரத்துவார்கள் என்று எல்லாரும் எழுதினார்கள். அவர்கள் அவருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். இன்று நமக்கு மேலே இருக்கிறார்கள். மேலாளரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

பில்பர்ட்தெரு | 8 ஏப்ரல் 2023

இப்போதுதான் மைதானத்தில் இருந்து வந்தேன். போன்மவுத்திடம் 0-1. அதற்கு முன் செவ்வாய்க்கிழமை வில்லாவிடம் 1-2. இடைக்காலப் பொறுப்பாளர்களின் கையில் இரண்டு ஆட்டம், இரண்டும் இதே மண்ணில், இரண்டும் தோல்வி.

அந்த கோலைச் சொல்கிறேன். 40-ஆவது நிமிடம். மேடிசன் எங்கள் பக்கம் முகம் திருப்பி, கீப்பரை நோக்கிப் பந்தைத் தட்டினார். தட்டிய கணமே தெரிந்தது, அந்தப் பந்தில் வேகம் இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா ‘ஐயோ’ என்பது போல ஒரு சத்தம் போட்டார், போன்மவுத்தின் பிலிங் ஓடத் தொடங்க முதலே. அவர் ஓடி வந்து எடுத்து, நிதானமாக உள்ளே தள்ளினார். மேடிசன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். என் மகனுக்கு 10 வயது. மேடிசனின் பெயர் போட்ட சட்டைதான் போட்டிருந்தான். இடைவேளைவரை ஒரு சொல் பேசவில்லை.

எங்களிடம் உள்ள மிகச் சிறந்த ஆட்டக்காரர் அப்படி ஒரு பந்தைக் கொடுக்கிறார் என்றால், பயம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். செப்டம்பரில் பிரைட்டனிடம் 5-2 தோற்ற அன்று, இந்த அணிக்குச் சந்தையில் வேண்டிய உதவி கிடைக்கவில்லை என்று ராட்ஜர்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த உதவி வரும்வரை ஆட வேண்டியவர்கள். நீங்கள் போதாது என்று தலைவரே ஊரறியச் சொன்னால் ஆட்டக்காரன் மனத்தில் என்ன இருக்கும்?

புதுரசிகன் | 8 ஏப்ரல் 2023

அண்ணா, மகனிடம் சொல்லுங்கள், மேடிசன் திரும்ப அடிப்பார் என்று.

கணக்குப்பிள்ளை | 9 ஏப்ரல் 2023

பில்பர்ட்தெரு அண்ணா எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்தது. அவர் சொன்ன கடைசி விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. ராட்ஜர்ஸ் நிர்வாகத்திடம் பேசியதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன், அறைக்குள் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைக்கவில்லை. அந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நிர்வாகத்தை விடமாட்டேன். இந்த ஜூனில் ஒப்பந்தம் முடிகிறவர்களைப் பாருங்கள்: டீலமான்ஸ், சோயுன்ஜு, எவன்ஸ், அமார்ட்டி, மெண்டி, பெரெஸ். இவர்களில் டீலமான்ஸையும் சோயுன்ஜுவையும் இரண்டு வருடம் முன்பு விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். இப்போது சும்மா போகப் போகிறார்கள். ஒப்பந்தம் முடியப்போகிற ஆளுக்குத் தரமிறக்கத்தின் வலி எவ்வளவு இருக்கும்? டீலமான்ஸைக் குறை சொல்லவில்லை, எந்தத் தொழிலிலும் மனித இயல்பு அதுதான். அரை அணியை அந்த நிலையில் வைத்தது மேலாளர் கிடையாது.

நீலக்கொடி | 9 ஏப்ரல் 2023

அதில் முழு உடன்பாடு. இன்னொரு குற்றச்சாட்டையும் நிர்வாகத்தின் மேல் வைக்கிறேன்: தாமதம்.

முதல் ஏழு ஆட்டத்தில் ஒரு புள்ளி. டாட்டன்ஹமிடம் 6-2 தோல்வி, மாற்று ஆட்டக்காரராக வந்த சன் மட்டும் மூன்று கோல். அன்று அனுப்பியிருக்கலாம், உலகக் கோப்பை இடைவேளையில் அனுப்பியிருக்கலாம், ஃபாரெஸ்டிடம் 0-2 தோற்ற ஜனவரியில் அனுப்பியிருக்கலாம். கிளப் தலைவர் அயாவத் ஸ்ரீவத்தனபிரபா நன்றியுள்ள மனிதர், அப்பா விச்சாய் போலவே. 2018-ல் ஹெலிகாப்டர் விபத்தில் அப்பாவை இழந்த பிறகு அந்தக் கிளப்பைத் தாங்கிப் பிடித்தவர். அவர்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் ஏப்ரலில் அனுப்புவதாக இருந்தால், அடுத்தவர் யார் என்று மார்ச்சிலேயே முடிவு செய்திருக்க வேண்டாமா? ஆள் இல்லாமல் இரண்டு ஆட்டம், ஆறு புள்ளி போனது.

பில்பர்ட்தெரு | 10 ஏப்ரல் 2023

புது மேலாளராக டீன் ஸ்மித் வந்துவிட்டார். கூட ஜான் டெர்ரி, கிரேக் ஷேக்ஸ்பியர்.

ஷேக்ஸ்பியரின் பெயரைப் பார்த்ததும் 2017 பிப்ரவரி ஞாபகம் வந்தது. பிரீமியர் லீக் பட்டம் வாங்கித் தந்த மேலாளர் ரனியேரியை ஒன்பது மாதத்தில் அனுப்பினார்கள். நான் அன்று கொதித்தேன், வெட்கப்பட்டேன். நான்கு நாள் கழித்து, அவர் இடத்தில் பொறுப்பேற்ற ஷேக்ஸ்பியரின் அணி லிவர்பூலை 3-1 அடித்தது, வார்டி இரண்டு. அந்த ஓட்டத்தில் லீக்கில் தொடர்ந்து ஐந்து வெற்றி. 12-ஆவது இடத்தில் முடித்தோம். நன்றிக்கும் கிளப்பின் உயிருக்கும் இடையில் அன்று ஒரு முடிவு எடுத்தார்கள். இந்த முறை அதற்கு மனம் வரவில்லை.

குடிசன்நீலம் | 1 மே 2023

2-2. உங்கள் ஊரில் இன்று நடந்த ஆட்டத்துக்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. இடைவேளைக்கு முன்னால் 2-1 என்று நீங்கள் முன்னே, கையில் பெனால்டி. அது உள்ளே போயிருந்தால் நாங்கள் முடிந்தோம். மேடிசன் நடுவில் அடித்தார், எங்கள் கீப்பர் பிக்ஃபர்ட் அசையாமல் நின்றார். பிறகு எங்கள் ஐவோபி அடித்துச் சமன் செய்தார். எந்த மேலாளரும் அந்த உதையை மாற்றியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

நீலக்கொடி | 8 மே 2023

ஃபுல்ஹமில் 5-3 தோல்வி. இன்னொரு பெனால்டியும் போச்சு, இந்த முறை வார்டி. அதே நாளில் எவர்டன் பிரைட்டனில் போய் 5-1 ஜெயித்தது. குடிசன்நீலம், உங்களுக்கு வாழ்த்து, மனதாரத்தான் சொல்கிறேன்.

ஸ்மித் வந்தும் பின்வரிசை அப்படியேதான் இருக்கிறது. ஒருவேளை கணக்குப்பிள்ளை சார் சொன்னதில் நான் நினைத்ததைவிட அதிகம் உண்மை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 22 மே 2023

நியூகாசிலில் 0-0. கோல் வாங்காமல் முடித்த ஆட்டம் இதற்கு முன் எப்போது தெரியுமா? நவம்பர் 12, வெஸ்ட் ஹாம். நடுவில் லீக்கில் தொடர்ந்து 21 ஆட்டம், ஒவ்வொன்றிலும் கோல் வாங்கியிருக்கிறோம். எண்ணிக்கொண்டே வந்தேன், எண்ணி முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதில் 13 ராட்ஜர்ஸ் காலத்தில், 8 அவருக்குப் பின். ஐந்து மாதமாக ஒரு ஓட்டையை அடைக்க முடியாத மேலாளரை நான் இவ்வளவு நாள் தாங்கிப் பேசியிருக்கிறேன். பணம் இல்லை என்பது இந்த ஓட்டைக்குப் பாதிப் பதில்தான்.

நீலக்கொடி | 28 மே 2023

முடிந்தது. வெஸ்ட் ஹாமை 2-1 ஜெயித்தும் இறங்கிவிட்டோம். 34 புள்ளி, 18-ஆவது இடம். எவர்டன் 36.

இழையைத் தொடங்கியவன் என்பதால் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று சொல்கிறேன். நாம் அடித்த கோல் 51. ஏழாவது இடத்தில் முடித்த வில்லாவும் 51 தான். செல்சி 38, தப்பித்த எவர்டன் 34. வாங்கியது 68. அடிக்கத் தெரிந்த அணி இது. தடுக்க ஆள் வாங்கித் தராதது நிர்வாகம், இருந்த ஆட்களைத் தடுக்கப் பழக்காதது ராட்ஜர்ஸ். பாதிக்கு மேல் அவர் என்று தொடக்கத்தில் எழுதினேன். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் முழுக்க எடுக்கமாட்டேன். ஏப்ரல் வரை காத்திருந்ததற்கான பொறுப்பு கிளப்புக்கு மட்டுமே.

குடிசன்நீலம் | 28 மே 2023

எங்கள் பக்கம் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஆடினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே வந்து படித்ததும் அடங்கிவிட்டது. ஒரு உதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

பில்பர்ட்தெரு | 29 மே 2023

நேற்று எழுத முடியவில்லை.

34-ஆவது நிமிடம் பார்ன்ஸ் அடித்தார். அந்த நேரத்தில் எவர்டன் ஆட்டம் 0-0. கோல் வித்தியாசத்தில் நாங்கள் மேலே, தப்பித்துவிட்டோம். பக்கத்தில் இருந்தவர் யார் என்றே தெரியாது, கட்டிப்பிடித்தார். இடைவேளையில் யாரும் சாப்பிடப் போகவில்லை, எல்லார் கையிலும் தொலைபேசி. மகன் என் தொலைபேசியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

57-ஆவது நிமிடம் எவர்டனின் டூக்குரே அங்கே அடித்தது எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? யாரும் அறிவிக்கவில்லை. மேற்குப் பக்கம் ஒரு மூலையில் சத்தம் நின்றது. அந்த அமைதி வரிசை வரிசையாக எங்களை நோக்கி வந்தது. பந்து ஆடிக்கொண்டுதான் இருந்தது. மகன் தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தான், பார்க்கச் சொல்லவில்லை.

ஃபாஸ் இரண்டாவது கோல் அடித்தபோது கைதட்டினோம். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் இரண்டு சேம் சைடு கோல் போட்ட பிள்ளை அவர், அந்த வருடம் அப்படிப் போனது அவருக்கு. நன்றாகவே கைதட்டினோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகன் கேட்டான், மேடிசன் போய்விடுவாரா என்று. போவார் என்றேன். அடுத்த வருடம் நாங்கள் போவோமா என்றான். அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்கக் கடைசித் தேதி எப்போது என்று இன்று காலை பார்த்து வைத்திருக்கிறேன்.